நாகேஷ்

நாகேஷ் (செப்டம்பர் 27, 1933 – சனவரி 31, 2009) தமிழ்த் திரைப்பட நடிகர் ஆவார். 1960களில் தமிழ்த் திரையின் முதன்மையான நகைச்சுவை நடிகராக விளங்கினார். நகைச்சுவைக்கு அப்பாற்பட்ட வேடங்களிலும் குறிப்பிடத்தக்க வகையில் நடித்துள்ளார்.

இளமை

இன்று திருப்பூர் மாவட்டத்தில் உள்ள தாராபுரத்தில், கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தார். அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த அவ்வூர் அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இளம் வயதில் கண்ட அம்மை நோய் அவர் முகத்தில் நிலையான தழும்புகளை விட்டுச் சென்றது. அழகிய முகமே கதாநாயகனுக்கு இலக்கணம் என்று கருதப்பட்ட காலத்தில், மெலிந்த உடலும் தழும்பேறிய முகமும் கொண்ட ஒருவர் திரைக்கு வருவது எளிதன்று. சென்னையில் ரயில்வே எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே பயில்முறை நாடகங்களில் நடித்தார். வயிற்றுவலிக்காரராகச் சிறிய வேடமொன்றில் தோன்றிய அவரை, அந்நாடகத்துக்குத் தலைமை தாங்கிய எம். ஜி. ஆர். பாராட்டினார். தாமரைக்குளம் (1959) அவருடைய தொடக்ககாலப் படங்களுள் ஒன்று.

பாலச்சந்தரும் நாகேசும்

அரசு அலுவலராக இருந்துகொண்டு நாடகங்கள் எழுதிய கே. பாலச்சந்தர், நாகேசிடம் சிரிக்கவைக்கும் திறனுக்கும் மேலான ஒன்றைக் கண்டார். அவர் எழுதிய சர்வர் சுந்தரம் நாடகம் 1964இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் திரைப்படமாயிற்று. உணவு விடுதிப் பணியாளர் ஒருவர் திரை நட்சத்திரமாக உயர்ந்து, காதலையும் தாயையும் இழக்கும் கதை அது. அதே ஆண்டில் வெளிவந்த ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை படத்தில், டி. எஸ். பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் செல்லப்பாவாக நாகேஷ் நடித்தார். இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு அவருடைய வீச்சு விளங்கும்.

பாலச்சந்தர் இயக்கிய முதல் படமான நீர்க்குமிழியில் (1965) சாவை நெருங்கும் புற்றுநோயாளியாகவும், மேஜர் சந்திரகாந்த் (1966) படத்தில் தங்கையின் சாவுக்குக் காரணமானவனைக் கொலை செய்யும் தையற்காரராகவும் நாகேஷ் நடித்தார். பின்னலாடைக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தினர் தம் மண்ணின் நடிகரைத் தையற்காரராகக் காண்பது தற்செயலான பொருத்தமே. எதிர்நீச்சல் (1968) படத்தில் மாடிப்படியின் கீழ் குடியிருந்து, பல வீடுகளுக்கு ஏவல் செய்து படிக்கும் அநாதை மாதுவாக நடித்தார்.

ஆயினும் மக்கள் நினைவில் முதலில் நிற்பவை திருவிளையாடல் (1965) தருமியும் தில்லானா மோகனாம்பாள் (1968) வைத்தியுமே. வைத்தி உண்மையில் கொடியவன். பார்ப்பவர் அவனை வெறுத்துக்கொண்டே சிரிப்பதுதான் நாகேசின் வெற்றி.

பிற்காலம்

பிற்காலத்தில் அவரை மாறுபட்ட வேடங்களில் பயன்படுத்தியவர்களுள் கமல்ஹாசன் முக்கியமானவர். அபூர்வ சகோதரர்கள் (1989) படத்தில் நாகேஷ் வில்லனாக நடித்தார்.

1994ஆம் ஆண்டில் வெளிவந்த இரு படங்கள் தனியே குறிப்பிடத்தக்கவை. கமல்ஹாசன் தயாரிக்க, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய மகளிர் மட்டும், பணியிடத்தில் பெண்கள் படும் தொல்லைகளை எள்ளி நகையாடும் படம். அதில் நாகேசுக்குப் பிண வேடம். தம் மேலாளர் இறந்துவிட்டதாகத் தவறாக எண்ணும் பெண்கள், வேறொருவரின் உடலை மருத்துவமனையிலிருந்து கடத்திச் செல்கின்றனர். வசனமில்லை, கண்ணசைவுமில்லை. விரைவான பேச்சுக்கும் வளைந்து நெளியும் உடலுக்கும் பெயர்பெற்ற நடிகர் அவ்விரண்டையும் துறந்து, பிறர் இழுத்த இழுப்புக்கெல்லாம் தளர்ந்து சாய்ந்தே அரங்கைச் சிரிக்கவைத்தார். உயிருள்ளவர் ஓர் உயிரற்ற உடலின் கனத்தைக் காட்டுவது கடினம் என்பதை அக்காட்சியை ஊன்றிப் பார்ப்பவர் உணரலாம்.

கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய நம்மவர் படத்தில் மகளைப் பறிகொடுக்கும் பேராசிரியராக நடித்தார். இதற்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் நடித்த பின்பே வந்த அவ்விருது, நகைச்சுவைக்காக அல்லாமல் துயர வேடத்துக்காகவே வழங்கப்பட்டது. தருமிக்கும் செல்லப்பாவுக்கும் அத்தகைய ஏற்பு கிட்டவில்லை. பத்ம விருது எதுவும் அவருக்கு வழங்கப்படவில்லை.

மறைவு

தசாவதாரம் (2008) அவருடைய இறுதிக் காலப் படங்களுள் ஒன்று. 2009 சனவரி 31 அன்று சென்னையில் காலமானார். அவருடைய மகன் ஆனந்த் பாபுவும் திரைப்பட நடிகர் ஆவார். தாராபுரத்தை உள்ளடக்கிய திருப்பூர் மாவட்டம் நாகேஷ் மறைந்த அடுத்த மாதம், பெப்ரவரி 2009இல், செயல்படத் தொடங்கியது.