கரடி ஏன் ஆளைக் கொன்றது?

வேட்டைக்காரர் என்றதும் ஜிம் கார்பெட் பெயர்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப் போவது நம்ம ஏலகிரி மலையின் ஆட்கொல்லிச் சிறுத்தை பற்றியும் எழுதிய கென்னத் ஆண்டர்சனை.

1910-ல் பிறந்தவர். ஸ்காட்லாந்து வம்சாவளி. பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை. தமிழும் கன்னடமும் பேசுவார்.

மைசூர்ப் பக்கம் அரசிகெரே அருகே ஒரு கரடி குறைந்தது 12 பேரைக் கொன்றது. இன்னும் பலருடைய முகத்தைக் கிழித்தது. அமெரிக்கச் சதுப்புக் காடுகளில் கருங்கரடியை நாய்களை விட்டுத் துரத்துவார்கள். இவர் துப்பாக்கியோடு நடந்தே தேடினார். முதல் தடவை கிடைக்கவில்லை. விடாமல் தேடிக் கடைசியில் சுட்டார். 1957-ல் வந்த புத்தகத்தில் இதை எழுதினார்.

சுட்டதோடு விடாமல், அது ஏன் இப்படி ஆச்சு என்றும் யோசித்தார் பாருங்க, அதுதான் எனக்குப் பிடித்தது! முன்பு யாரோ மனுஷன் காயப்படுத்தியதால்தான் எல்லா மனிதர்களையும் தாக்கியது என்று நினைத்தார். 1974-ல் காலமானார்.

இப்போ கரடி வேட்டை சட்டப்படி குற்றம். ஜவ்வாது மலையில் இன்னும் கரடி இருக்கு. விறகுக்குப் போகிறவங்க கூட்டமா, பேசிக்கிட்டே போங்க. கல்லெறியாதீங்க, நாயை ஏவாதீங்க. அடிபட்ட கரடி அடுத்து வருகிறவரைத்தான் தாக்கும்!