அடிமையாய்ப் பிறந்து அறிஞராய் உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ்

தம் பிறந்த நாள் எதுவென்று பிரெடரிக் டக்ளஸ் அறிந்ததில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1818ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் பிறந்தார் என்பது, அடிமைகளைச் சொத்தாகப் பதிந்து வைத்திருந்த ஆண்டையின் கணக்கேட்டிலிருந்து பிற்கால ஆய்வாளர் கண்டறிந்த செய்தி. அவரோ 1817 என்றே எண்ணியிருந்தார். தாயார் ஹாரியட் பெய்லி வேறொரு பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர். பகலெல்லாம் வயலில் உழைத்து, இரவில் 12 மைல் நடந்து வந்து மகனை அணைத்து உறங்கவைத்து, விடியுமுன் திரும்பிவிடுவார். அவ்வாறு அவர் வந்தது நான்கைந்து முறைக்கு மேல் இராது. மகனுக்கு ஏழு வயதளவில் அவ்வம்மையார் மறைந்தார். தந்தை ஒரு வெள்ளையர் என்பதன்றி வேறெதுவும் உறுதியாகத் தெரியவில்லை.

1826இல் சிறுவன் பால்டிமோர் நகருக்கு, ஹியூ ஆல்ட் என்பாரின் இல்லத்திற்கு அனுப்பப்பட்டான். அவ்வீட்டு அம்மையார் சோபியா கள்ளமின்றி அவனுக்கு எழுத்துக்களைக் கற்பித்தார். கணவர் கண்டார், தடுத்தார். எழுத்தறிந்தவன் அடிமையாக நீடிக்கமாட்டான் என்று அவர் மனைவிக்குச் சொன்ன காரணம், அருகில் நின்ற சிறுவனின் செவியிலும் விழுந்தது. அன்றே அவனுக்கு வழி தெரிந்துவிட்டது! ஆண்டை எதற்கு அஞ்சுகிறாரோ அதுவே தனக்கு வேண்டுவது எனத் தெளிந்தான். வீட்டு ரொட்டியைத் தெருவிலிருந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குக் கொடுத்து, அவர்களிடமிருந்து பாடம் பெற்றான். பன்னிரண்டு வயதளவில், சேர்த்து வைத்த 50 சென்ட் காசுக்குச் சொற்பொழிவுத் தொகுப்பு ஒன்றை வாங்கினான். பள்ளிக்கூடத் திண்ணைக்கு வெளியே நின்று பாடம் கேட்ட முன்னோரின் வழிவந்த நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

1834இல், அடங்காத அடிமைகளை அடக்குவதில் பேர்பெற்ற கோவி என்பவனிடம் அவர் ஓராண்டுக்கு ஒப்படைக்கப்பட்டார். ஆறு திங்கள் அடிபட்டார். ஒருநாள் எதிர்த்து நின்று மல்லுக்கட்டினார். அதன்பின் கோவி அவர்மேல் கைவைக்கவில்லை. 1838 செப்டம்பர் 3ஆம் நாள், மாலுமியின் உடையணிந்து, நண்பர் ஒருவரின் சான்றிதழைக் கடன் பெற்று, தொடர்வண்டி ஏறித் தப்பினார். துணைநின்ற அன்னா மரே என்னும் கறுப்பின மங்கையையே மணந்து, நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில் குடியேறினார். கப்பல் பலகைகளின் இடுக்கை அடைக்கும் தொழிலில் அவர் தேர்ந்தவர். ஆயினும் அடிமை முறையில்லாத அவ்வூரிலும், கறுப்பரோடு சேர்ந்து வேலை செய்யோம் என வெள்ளைத் தொழிலாளர் மறுத்தமையால், மூட்டை சுமந்தும் விறகு பிளந்தும் பிழைக்க நேர்ந்தது.

1841இல் நான்டக்கெட் தீவில் அவர் ஆற்றிய உரை, அடிமை ஒழிப்பியக்கத்தின் தலைவர்களை அவர்பால் ஈர்த்தது. 1845இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். ஊரும் பேரும் வெளிப்பட்டமையால் பிடிபடும் அச்சம் எழ, அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்றார். அங்குள்ள அன்பர்கள் 150 பவுன் திரட்டி, 1846இல் அவரது விடுதலையை விலைக்கு வாங்கினர். மனிதனுக்கு விலை கொடுப்பது கொள்கைக்கு இழுக்கு எனத் தோழர் சிலர் குறை கூறினர். கழுத்தில் கயிறு இல்லாதோர்க்கு அவ்வாறு பேசுதல் எளிது! நாடு திரும்பி, ராச்செஸ்டர் நகரில், வடக்கே தப்பியோடுவோர்க்கு வழிகாட்டும் துருவ விண்மீனின் பெயரால் 1847இல் செய்தித்தாள் தொடங்கினார். உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களைத் திரட்டினார். தம் மைந்தருள் இருவரைப் படைக்கு அனுப்பினார். அவ்வீரர்க்குச் சம ஊதியம் வேண்டி 1863இல் அதிபர் லிங்கனை நேரிற் கண்டார். 1865இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. 1873இல் மகாத்மா ஜோதிராவ் பூலே தம் குலாம்கிரி நூலை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கியது இச்செயலை வாழ்த்தியே.

டக்ளஸின் பெருமையை நாம் சிறப்பாகக் காண்பது, இதன்பின் எழுந்த சீனர் சிக்கலில்தான். 1869இல் கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை முடிந்தது. மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்து அதனை அமைத்தோர் பல்லாயிரம் சீனத் தொழிலாளர். வேலை முடிந்ததும், சீனரை உள்ளே விடாதீர் என்ற கூக்குரல் வலுத்தது. கறுப்பினத் தலைவர் ஒருவர் அதில் சேர்ந்திருந்தாலும் வியப்பில்லை. புதிதாய்க் கப்பலிறங்கிய ஐரோப்பியர் தம் மக்களின் வேலையைப் பறிப்பதை 1853இலேயே டக்ளஸ் வருந்தி உரைத்தவர். 1863இல் நியூயார்க் கலகத்தில் கறுப்பரைக் கொன்ற கூட்டத்தில் ஐரிஷ் குடியேறிகள் பலர் இருந்தனர். தென்னாட்டுப் பண்ணையாரோ, விடுதலை பெற்ற கறுப்பரின் கூலியைக் குறைக்கச் சீனரைக் கொணர எண்ணினர். இவையனைத்தும் அவர் அறிந்தவையே.

அறிந்திருந்தும், அதே ஆண்டு பாஸ்டனில் ஆற்றிய பேருரையில் சீனருக்காக வாதாடினார். இடம்பெயர்ந்து வாழ்தல் எவ்வினத்தார்க்கும் உரிய மனித உரிமை. வருவோர்க்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் பதவியேற்கும் தகுதியும் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. நேற்றுத் தமக்குத் திறந்த கதவை இன்று வருவோர்க்குச் சாத்த அவர் உடன்படவில்லை.

நாடு கேட்கவில்லை. 1870இல் குடியுரிமைச் சட்டத்திலிருந்து வெள்ளையர் என்னும் சொல்லை நீக்க, செனட்டர் சார்லஸ் சம்னர் முயன்று தோற்றார்; ஆப்பிரிக்க வழியினர் மட்டும் சேர்க்கப்பட்டனர். 1882இல் சீனத் தொழிலாளர் வருகை தடைசெய்யப்பட்டது. அத்தடை நீங்க 1943 வரை ஆயிற்று. பகத்சிங் திந்த் என்னும் பஞ்சாபியர், தாம் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என வாதாடி 1923இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றதும் அந்த ஒரு சொல்லால்தான். கடல் கடந்து சென்ற சாதிப் பெருமை அங்கே செல்லுபடியாகவில்லை!

பின்னாளில் அவர் தலைநகரில் உயர்பதவிகள் வகித்து, 1889 முதல் 1891 வரை ஹெயிட்டி நாட்டில் அமெரிக்கத் தூதராகவும் இருந்தார். அன்னா மறைந்தபின், 1884இல் ஹெலன் பிட்ஸ் என்னும் வெள்ளைப் பெண்மணியை மணந்தபோது இரு தரப்பாரும் ஏசினர். 1848 முதல் பெண்ணுரிமைக்கும் குரல் கொடுத்துவந்த அவர், 1895 பிப்ரவரி 20ஆம் நாள் வாஷிங்டனில் மகளிர் மாநாட்டுக்குச் சென்று, மாலையில் வீடு திரும்பினார். அங்கு நடந்ததை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே சாய்ந்து உயிர்நீத்தார்.