குதிரைக்காகப் படை அனுப்பிய மகாராஜா

ஒரு குதிரைக்கு என்ன விலை கொடுக்கலாம்?

"பஞ்சாப் சிங்கம்" என்று புகழ் பெற்ற மகாராஜா ரஞ்சித்சிங், ஒரு குதிரைக்காக 60 லட்சம் ரூபாய் செலவு செய்தார். அதோடு, 12 ஆயிரம் வீரர்களையும் பறிகொடுத்தார். இந்தக் கணக்கைச் சொன்னவர் அவரது எதிரி அல்ல. லாகூருக்கு வந்த ஆஸ்திரிய நாட்டுப் பிரபு ஹூகலிடம், 1836-ம் ஆண்டில் மகாராஜாவே தம் வாயால் சொன்னது இது.

அந்தக் குதிரையின் பெயர் லைலி. லைலா - மஜ்னு காதல் கதையில் வரும் லைலாவின் பெயர்தான் அது.

அம்மை வார்த்த முகம்

ரஞ்சித்சிங் 1780-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி பிறந்தார். அவருடைய தந்தை மகாசிங், குஜ்ரன்வாலா பக்கத்தில் ஒரு சிறு பகுதியை ஆண்டு வந்தார். (குஜ்ரன்வாலா இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது.) அந்தக் காலத்தில் பஞ்சாப், ஒரே ராஜ்யமாக இருக்கவில்லை. சீக்கியத் தலைவர்கள் ஆளுக்கு ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

சிறு வயதிலேயே ரஞ்சித்சிங்குக்குப் பெரியம்மை கண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் இடது கண் பார்வை போய்விட்டது. முகம் முழுவதும் அம்மைத் தழும்பு. ஆள் குள்ளம். எழுதப் படிக்கவும் கற்றுக்கொள்ளவில்லை.

ஆனால் குதிரையில் உட்கார்ந்தால், அவரை மிஞ்ச ஆள் இல்லை.

இது அவருடைய ரத்தத்தில் ஊறியது. ரஞ்சித்சிங்கின் பாட்டனுக்குப் பாட்டன் புத்தாசிங் என்பவர். அவரிடம் "தேசான்" என்று ஒரு பெண் குதிரை இருந்தது. ஜீலம், சீனாப், ராவி ஆகிய ஆறுகளை, அந்தக் குதிரையின் முதுகில் இருந்தபடியே 50 தடவை நீந்திக் கடந்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க முடியாததால், "தேசான் புத்தாசிங்" என்று குதிரையின் பெயரையும் சேர்த்தே ஊரார் அவரை அழைத்தார்கள். ஊர்ப் பெயரையும், தகப்பன் பெயரையும் முன்னால் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. குதிரையின் பெயரைத் தாங்கியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

தந்தை இறந்தபோது ரஞ்சித்சிங் சிறுவன். 18 வயதில், 1799-ம் ஆண்டு ஜூலை மாதம், லாகூரைப் பிடித்தார். 1801-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி மகாராஜாவாக முடிசூட்டிக் கொண்டார். பிறகு முல்தான் (1818), காஷ்மீர் (1819) என்று ராஜ்யம் விரிந்துகொண்டே போனது. ஆங்கிலேயர்களுடன் மட்டும் அவர் மோதவில்லை. 1809-ல் அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, சட்லெஜ் ஆற்றை எல்லையாக வைத்துக்கொண்டார். அவர் உயிரோடு இருந்தவரை அவருடைய ராஜ்யம் ஆங்கிலேயர் கைக்குப் போகவில்லை.

மூளை ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம்

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும்.

சீக்கிய வீரர்கள், குதிரை மேல் இருந்து சண்டை போடுவதைத்தான் பெருமையாக நினைத்தார்கள். தரையில் நின்று சண்டை போடுவதைக் கேவலமாகக் கருதினார்கள். அந்த எண்ணத்தை மாற்றியவரே ரஞ்சித்சிங்தான். கட்டுப்பாடான காலாட்படையும், பீரங்கியும் இனிமேல் யுத்தத்தை முடிவு செய்யும் என்று அவர் புரிந்துகொண்டார். நெப்போலியனிடம் பணியாற்றிய ஆலார்டு, வெஞ்சுரா என்ற இரண்டு ஐரோப்பியர்களை 1822-ல் வேலைக்கு அமர்த்தினார். சீக்கியர்களைக் காலாட்படையில் சேர்த்து, அணிவகுத்து நடக்கப் பழக்கினார்.

ஆகவே, குதிரையை அவர் நேசித்தது யுத்தத்துக்கு உதவும் என்பதற்காக மட்டும் அல்ல. அந்தக் கணக்குக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்று, அவருக்கும் குதிரைகளுக்கும் இடையே இருந்தது. சேணம் பூட்டிய குதிரை ஒன்று, அவர் இருக்கும் இடத்துக்கு அருகில் எப்போதும் தயாராக நிற்கும். விருந்தாளியாக வரும் வெள்ளைக்காரர்களிடம் அவர் கேட்கும் கேள்விகளில் குதிரையைப் பற்றிய கேள்வி கட்டாயம் இருக்கும். தமக்கு வெறும் வெள்ளைத் துணி உடுத்திக்கொள்வார். குதிரைகளுக்கோ மரகதம் பதித்த கடிவாளம், தங்கச் சேணம்! 1838-ல் அவரைப் பார்க்க வந்த கவர்னர் ஜெனரல் ஆக்லண்டு பிரபுவின் சகோதரி எமிலி ஈடன், அந்தக் குதிரைகளையும் நகைகளையும் படமாகவே வரைந்து வைத்திருக்கிறார்.

மகாராஜாவின் இந்தப் பலவீனம் ஆங்கிலேயருக்கும் தெரிந்திருந்தது. இங்கிலாந்து மன்னர் நான்காம் வில்லியம், ஐந்து குதிரைகளை அவருக்குப் பரிசாக அனுப்பினார். ஒன்று ஆண், நான்கு பெண். லண்டனில் பாரம் இழுக்கும் பிரமாண்டமான வண்டிக் குதிரைகள். அலெக்சாண்டர் பர்ன்ஸ் என்ற அதிகாரி அவற்றைப் படகில் ஏற்றி, சிந்து நதி வழியாக 1831-ல் கொண்டுவந்தார். இவ்வளவு பெரிய குதிரைகளைத் தரை வழியாக நடத்திவர முடியாது என்று காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம், சிந்து நதியை உளவு பார்ப்பது.

குதிரைகள் வந்து சேருவதற்கு முன்பே, அவற்றின் லாடம் ஒன்று அவசர அவசரமாக லாகூருக்கு அனுப்பப்பட்டது. நாட்டுக் குதிரையின் நான்கு லாடங்களும் சேர்ந்த எடை அந்த ஒரு லாடத்துக்கு இருந்தது. குதிரைகளை நேரில் கண்டதும், சின்ன யானைகள் மாதிரி இருக்கின்றனவே என்று மகாராஜா வியந்து போனார். நதியின் வரைபடம் பர்ன்ஸ் கைக்குப் போய்விட்டது. நதியை அளப்பதில் சூது இருக்கிறது என்ற சந்தேகம் மகாராஜாவுக்கு இல்லாமல் போகாது. அவர் லேசில் ஏமாறுகிறவர் அல்ல. ஆனாலும் குதிரைகளை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

லைலி

பெஷாவரை ஆண்ட ஆப்கானியத் தலைவர் யார்முகமது கானிடம் லைலி இருந்தது. ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் அதற்கு இணையான குதிரை இல்லை என்று பேச்சு. ரஞ்சித்சிங்கின் காதுக்கு அது எட்டியது. அவ்வளவுதான். கண்ணால் காணாத அந்தக் குதிரை மேல் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

குதிரையைக் கொடு என்று கேட்டு ஆள் அனுப்பினார். யார்முகமது கான் மசியவில்லை. படை போனது. குதிரை செத்துப்போய்விட்டது என்று பதில் வந்தது. மகாராஜா நம்பவில்லை.

அந்தச் சமயத்தில், எல்லைப்புற மலைப்பகுதியில் சையது அகமது என்பவர் சீக்கியர்களை எதிர்த்துப் புனிதப்போர் தொடங்கி இருந்தார். 1826 முதல் அங்கே ஓயாத சண்டை. ஆயிரக்கணக்கில் பிணங்கள் விழுந்தன. 1829-ல் யார்முகமது கானும், சையது அகமதுவின் படையோடு நடந்த சண்டையில் மாண்டார். அவருடைய தம்பி சுல்தான் முகமது கான் பதவிக்கு வந்தார். அவரும் லைலியைக் கொடுக்க மறுத்தார். நாட்டுக்காகக் கப்பம் கட்டத் தயங்காதவர்கள், குதிரைக்காக அடம் பிடித்தார்கள். ஆக, ஆசை ஒரு பக்கம் மட்டும் இல்லை.

கடைசியில், தளபதி வெஞ்சுரா பெஷாவருக்கே போனார். குதிரை வருகிறதா, அல்லது கைதியாக நீ வருகிறாயா என்ற அளவுக்கு நெருக்கினார். சுல்தான் முகமது கானுக்கு வேறு வழி இல்லை. 1830 வாக்கில் லைலி லாகூருக்கு வந்து சேர்ந்தது.

உலகப்புகழ் பெற்ற கோகினூர் வைரத்தையும் ரஞ்சித்சிங் 1813-ல் ஓர் ஆப்கானிய மன்னரிடம் இருந்துதான் வாங்கினார். வைரத்துக்காக ஷா சூஜாவைக் காவலில் வைத்து நெருக்கினார். 

12 ஆயிரம் பேரும் குதிரை ஒன்றுக்காகவே செத்தார்கள் என்று சொன்னால், அது முழு உண்மை ஆகாது. பெஷாவர், கைபர் கணவாயின் வாசல். குதிரை இல்லாவிட்டாலும் அங்கே சண்டை நடந்திருக்கும். 1834-ல் பெஷாவரைத் தம் ராஜ்யத்தோடு ரஞ்சித்சிங் சேர்த்தே விட்டார். ஆனால், அத்தனை பேரின் சாவையும் அந்த ஒரு குதிரையின் கணக்கில் எழுதியது மகாராஜாவேதான். வீட்டில் காத்திருந்த தாய்மார்களும் மனைவிமார்களும் அந்தக் கணக்கை எப்படி எழுதினார்கள் என்பதற்கு ஏடு கிடையாது.

வந்தது உண்மையான லைலிதானா என்பதில் வரலாற்று ஆசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. "லைலி" பெண் பெயர். அது பெண் குதிரை என்றுதான் பலர் கேள்விப்பட்டு இருந்தார்கள். ஹூகல் பார்த்ததோ ஆண் குதிரை! கரும் சாம்பல் நிறம். கால்கள் கறுப்பு. வயது 13. கால்களில் தங்கக் காப்பு. முதுகு வரை உயரம் 5 அடி 4 அங்குலம். மகாராஜா பக்கத்தில் நின்றால், குதிரையின் முதுகு அவர் தலை உயரத்துக்கு இருந்திருக்கும்.

ஆப்கானியர்கள் வேறு குதிரையைத் தள்ளிவிட்டு, லைலியை ஒளித்து வைத்துக்கொண்டார்களோ என்னவோ! மகாராஜாவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. குதிரை விஷயத்தில் அவரை ஏமாற்றுவது லேசான காரியமும் அல்ல.

குதிரை மேல் வேறு மனிதர்

1834-க்குப் பிறகு மகாராஜாவின் உடல்நிலை கெட்டது. பக்கவாதம் தாக்கியது. நாக்கு குழறியது. கூட இருந்தவர்களுக்கே அவர் பேச்சு பாதிதான் புரியும். நடப்பதும் சிரமம் ஆயிற்று.

அப்போதும் அவர் சவாரியை விடவில்லை. ஒரு வேலைக்காரன் அவர் முன்னால் மண்டியிடுவான். அவன் தோளில் அவர் ஏறிக்கொள்வார். அவன் எழுந்து, குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவான். அங்கிருந்து சேணத்துக்கு மாறிக்கொள்வார்.

அதன் பிறகு நடப்பதுதான் அதிசயம். பஞ்சாபிலேயே அவரைப் போல அவலட்சணமான ஆளைப் பார்த்ததில்லை என்று எழுதிய அதே ஹூகல், குதிரை மேல் அவரைக் கண்டதும் வேறு மாதிரி எழுதினார். முதுகில் கறுப்புக் கேடயத்தோடு சேணத்தில் அமர்ந்தால், அந்த மனிதரே மாறிவிடுகிறார் என்கிறார். கூனிய உடம்பு நிமிர்ந்துவிடும். வாதம் பிடித்த கை குதிரையை அடக்கும். பேச்சை மனிதர்கள் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் பேச்சு இல்லாமலே குதிரை புரிந்துகொண்டது. இது எப்படி என்று வைத்தியர்கள் யாரும் விளக்கவில்லை.

1838 டிசம்பரில், ஆக்லண்டு பிரபு விருந்தாளியாக வந்திருந்தபோது மறுபடியும் வாதம் தாக்கியது. இந்தத் தடவை பேச்சு அடியோடு நின்றது. சைகையாலேயே ராஜ்யத்தை நடத்தினார். இறுதி நாட்களில் தங்கம், யானை, குதிரை, பசு என்று ஏராளமாகத் தானம் வழங்கினார். 1839-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி, தமது 58-வது வயதில் லாகூரில் காலமானார். பத்தே ஆண்டுகளில், 1849-ல், பஞ்சாப் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோகினூர் வைரம் கப்பல் ஏறியது.

டெல்லி பாராளுமன்ற வளாகத்தில் ரஞ்சித்சிங்குக்கு 2003-ல் சிலை வைத்தார்கள். அவர் மறைந்த 180-வது ஆண்டில், 2019 ஜூன் 27-ந் தேதி, லாகூர் கோட்டையிலும் ஒரு சிலை திறக்கப்பட்டது. லாகூர் சிலையைச் சிலர் மீண்டும் மீண்டும் சேதப்படுத்தினார்கள். பழுது பார்த்து, 2024-ல் கர்தார்பூர் குருத்துவாராவில் நிறுவினார்கள். டெல்லி சிலையிலும் சரி, லாகூர் சிலையிலும் சரி, மகாராஜா குதிரை மேல்தான் இருக்கிறார்.