தாய்மாரிடம் பாடம் கேட்ட வைத்தியர்

சிசிலி வில்லியம்ஸ் 1893இல் ஜமெய்க்காவில் பிறந்தவர். ஒக்ஸ்போர்ட்டில் படித்து வைத்தியரானார். 1929இல் மேற்கு ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, பணிக்குச் சென்றார்.

அங்கே கைகால் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து பிள்ளைகள் இறந்துகொண்டிருந்தார்கள். இது என்ன நோய் என்று அவர் தாய்மாரிடமே கேட்டார். குவாசியோர்கர் என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழக்கும் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். பெயரிலேயே காரணம் இருந்தது. சோளக்கூழை மட்டும் குடித்த பிள்ளைக்குப் புரதம் போதவில்லை என்று 1933இல் எழுதினார். துறை நிபுணர்கள் உடனே ஏற்கவில்லை. மருத்துவ மாணவர்களுக்குப் போசாக்குப் பாடம் எடுக்கையில் நான் அதிக நேரம் நிற்பது இந்த இடத்தில்தான்.

பின்னர் மலாயா சென்றார். சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தார். சீனி கலந்த ரின்பாலைக் குழந்தை உணவென்று விற்பது கொலைக்குச் சமம் என 1939இல் மேடையேறிச் சாடினார். யுத்தம் வந்தது. யப்பானியரின் சாங்கி முகாமில் மூன்றரை வருடம் அடைபட்டார்; விசாரணைக் கூண்டில் மாதக்கணக்கில் வதைபட்டார்; பெரிபெரி நோயும் கண்டது. மீண்டு வந்து, 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். பெய்ரூட்டில் பேராசிரியராகவும் இருந்தார். 1992இல் காலமானார்.

முகாம் வரிசைகளில் பால்மாவுக்கு நின்ற எங்கள் தாய்மாரின் பிள்ளைகள் இன்று மருத்துவம் படிக்கிறார்கள். நிறை குறைந்த குழந்தையைக் கண்டால் தாயை ஏசாமல், வீட்டில் நேற்று என்ன சமைத்தார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று முதலில் கேட்கச் சொல்கிறேன்.