யந்திரத்துக்குக் கணக்குச் சொன்ன சீமாட்டி

லண்டன் நகரில் 1815-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. தகப்பனார், புகழ் பெற்ற ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. குழந்தையின் பெயர் அடா.

சில வாரங்களிலேயே தாயும் தந்தையும் பிரிந்து விட்டார்கள். பைரன் இங்கிலாந்தை விட்டே போய் விட்டார். மறுபடி அவர் மகளைப் பார்க்கவே இல்லை. அடாவுக்கு 8 வயதாகும்போது, கிரேக்க நாட்டில் அவர் காலமானார்.

தாயாருக்குக் கணிதத்தில் பிரியம் அதிகம். தகப்பனைப் போல மகளும் மனம் போன போக்கில் போய் விடக் கூடாதே என்று அவர் அஞ்சினார். ஆகவே சிறு வயதிலேயே ஆசிரியர்களை வைத்துக் கணக்குக் கற்பித்தார். 13 வயதில் தட்டம்மை கண்டு அடா படுக்கையில் விழுந்தாள். பிறகு நெடுநாள் ஊன்றுகோலுடன் நடந்தாள். அப்போதும் படிப்பை விடவில்லை.

பாபேஜின் யந்திரம்

1833-ம் ஆண்டு, 17 வயதில், சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதையை அடா சந்தித்தாள். பல்சக்கரங்கள் சுழன்று தானே கணக்குப் போடும் யந்திரம் ஒன்றின் பகுதியை அவர் செய்து வைத்திருந்தார். வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அடாவோ அது எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்பினாள்.

1835-ல் திருமணம் நடந்தது. கணவர் பின்னர் லவ்லேஸ் பிரபு ஆனார். அடா, லவ்லேஸ் சீமாட்டி ஆனார். மூன்று குழந்தைகளுக்குத் தாயான பிறகும் அவர் கணிதம் கற்றார். கடிதம் மூலம் கற்பித்தவர் டி மார்கன் என்ற பேராசிரியர். இவர் 1806-ல் நம் மதுரையில் பிறந்தவர்!

இதற்குள் பாபேஜ் இன்னும் பெரிய யந்திரம் ஒன்றுக்குப் படம் வரைந்து விட்டார். எண்களை வைத்திருக்க ஒரு களஞ்சியம்; கணக்குப் போட ஓர் ஆலை. ஜக்கார்டு தறியில் உள்ளதைப் போன்ற துளையிட்ட அட்டைகள் அதற்குக் கட்டளையிடும்.

25 படிகள்

இந்த யந்திரத்தைப் பற்றி மெனப்ரியா என்ற இத்தாலியப் பொறியியலாளர் 1842-ல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். அதை அடா ஆங்கிலத்தில் பெயர்த்தார். சொந்தமாகவும் குறிப்புகள் சேர்க்கும்படி பாபேஜ் தூண்டினார். அடா ஏழு குறிப்புகள் எழுதினார். அவை மூலக் கட்டுரையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீண்டு விட்டன!

பெருக்கு என்று மனிதனிடம் சொன்னால் போதும். யந்திரத்திடம் அப்படிச் சொன்னால் போதாது. எந்த எண்ணை, எங்கிருந்து எடுப்பது, விடையை எங்கே வைப்பது என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். பெர்னூலி எண்கள் என்ற சிக்கலான கணக்கை எடுத்துக் கொண்டு, அடா அதை 25 படிகளாகப் பிரித்து அட்டவணை போட்டார். ஒவ்வொரு வரியிலும் என்ன செயல், எந்த எண்கள், விடைக்கு எந்த இடம் என்று தெளிவாகக் காட்டினார்.

பாபேஜ் செய்த பெரிய பிழை ஒன்றையும் அவர் கண்டுபிடித்தார். இதைப் பாபேஜே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆயினும் அச்சான அட்டவணையில், நாலாவது வரியில், வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறி விட்டன. கணக்குத் தெரிந்தவர் பார்த்தால் திருத்திக் கொள்வார். யந்திரமோ எழுதியபடியே செய்து, தப்பான விடையைத் தந்திருக்கும்.

அரசாங்கத்தைக் குறை கூறும் முன்னுரை ஒன்றைச் சேர்க்கப் பாபேஜ் விரும்பினார். அது நடக்காமற் போகவே, கட்டுரையையே திரும்பப் பெறச் சொன்னார். அடா இணங்கவில்லை. 1843-ல் கட்டுரை வெளிவந்தது. அடியில் முழுப் பெயர் இல்லை. மூன்று எழுத்துக்கள் மட்டுமே இருந்தன.

36 வயதில் முடிவு

கடைசிக் காலம் துன்பமாகக் கழிந்தது. குதிரைப் பந்தயத்தில் கடன் சேர்ந்தது. புற்றுநோய் வாட்டியது. 1852-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி அடா காலமானார். அப்போது வயது 36. தகப்பனார் இறந்ததும் அதே வயதில்தான். அவருடைய விருப்பப்படி, கண்டறியாத தகப்பனாரின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

பாபேஜின் பெரிய யந்திரம் அவர் காலத்தில் உருவாகவே இல்லை. அடாவின் குறிப்புகள் 1953-ல் மீண்டும் அச்சாகி உலகின் கண்ணில் பட்டன. ஒரு கம்ப்யூட்டர் மொழிக்கு அமெரிக்கா அவர் பெயரையே வைத்தது.

இன்று செயற்கை நுண்ணறிவு நமக்காக டிக்கெட் பதிவு செய்கிறது, கணக்கு எழுதுகிறது. அதற்கு வேண்டிய மென்பொருள் கருவிகளை, அவற்றின் விளக்கக் குறிப்பைப் படித்துத்தான் பயன்படுத்துகிறது. தேதியில் நாள் முதலா, மாதம் முதலா என்று அந்தக் குறிப்பு சொல்லாவிட்டால் என்ன ஆகும்? 3-4 என்பதை ஏப்ரல் 3 என்றும் கொள்ளலாம். மார்ச் 4 என்றும் கொள்ளலாம். பாபேஜின் யந்திரத்துக்கு ஊகிக்கத் தெரியாது. இன்றைய யந்திரமோ ஊகித்து விடும். ஊகம் தப்பினால், கல்யாணத்துக்குப் புறப்பட வேண்டிய குடும்பம் வேறு நாளைய டிக்கெட்டுடன் ரயில் நிலையத்தில் நிற்கும்.

என்ன கொடுக்க வேண்டும், என்ன கிடைக்கும் என்று வரி வரியாக எழுதி வைப்பதே இதற்கு மருந்து. அந்த வேலையை, யந்திரம் பிறப்பதற்கு முன்பே செய்து காட்டியவர் அடா சீமாட்டி.