தலைப்பாகை தந்த அய்யா

பதியிலும் நிழல்தாங்கலிலும் நம் ஆண்கள் தலைப்பாகை கட்டி நின்றே அய்யாவை வணங்குகிறார்கள். மற்ற இடங்களில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாமி கும்பிடுவார்கள். நாம் தலையில் கட்டுகிறோம். நம் முன்னோர் சுமந்த வெட்கத்தை அய்யா இறக்கி வைத்ததற்கு அடையாளம் அது.

1809-ஆம் ஆண்டு, அன்றைய தென்திருவிதாங்கூரில், இன்று சாமித்தோப்பு எனப்படும் ஊரில், பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் ஆசையோடு முடிசூடும் பெருமாள் என்று பேரிட்டார்கள். பனையேறும் குலத்துப் பிள்ளைக்கு முடிசூடும் பெயர் ஆகாது என்று மேல்சாதியார் தடுத்தார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாறியது. தொட்டிலில் கிடந்த பிள்ளையின் பெயரில் இருந்த முடியைக்கூடப் பொறுக்காத காலம் அது.

அந்நாளில் சான்றோர் மக்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் கூடாது. பெண்கள் தோள்சீலை போடவும் இடுப்பில் குடம் வைக்கவும் தடை இருந்தது. கூலியில்லாத ஊழியமும் தலைவரியும் வேறு. தலைமுறை தலைமுறையாகக் குனிந்தே நடந்ததால், நாம் தாழ்ந்தவர்கள்தான் என்ற எண்ணம் அவர்கள் மனதிலேயே ஊறிப்போனது. பிறர் போட்ட வெட்கத்தைத் தம்முடையதாகவே நினைத்துச் சுமந்தார்கள்.

முத்துக்குட்டி வளர்ந்து வாலிபரானபின் கொடிய நோயில் விழுந்தார். திருச்செந்தூருக்கு மகனைக் கொண்டுவரும்படி தாய் வெயிலாளுக்குக் கனவில் உத்தரவானது. தொட்டில் கட்டிச் சுமந்து போனார்கள். போகும் வழியில் அவர் எழுந்து நடந்து, நேரே கடலுக்குள் சென்று மறைந்தார். உறவினர் இறந்தார் என்று எண்ணித் திரும்பினார்கள். தாய் மட்டும் கரையில் அழுது காத்திருந்தாள். மூன்றாம் நாள், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20 அன்று, கடலிலிருந்து எழுந்து வந்தவர் நாராயணரின் மகனாகிய வைகுண்டர். கட்டியணைக்க ஓடிவந்த தாயிடம், தாம் இனி அவள் மகன் அல்ல என்று உணர்த்தினார்.

இதன் உட்பொருளை அகிலம் சொல்கிறது. தேவலோகத்தில் பிழை செய்து, மண்ணில் பிறவி எடுத்தவரே சம்பூரண தேவன். அவரே முத்துக்குட்டியாகப் பிறந்தவர். பிழை செய்தவரை நாராயணர் தள்ளிவிடவில்லை. பிறவியைக் கொடுத்து, நோயில் வருத்தி, கடலில் கறையைக் கழுவி, எல்லாரும் வெறுத்து ஒதுக்கிய அந்த உடலையே தம் அவதாரத்துக்கு இருப்பிடம் ஆக்கினார். இறைவன் தரும் மறுவாழ்வுக்கு இதைவிடப் பெரிய சாட்சி நமக்கு வேண்டுமா?

அய்யா ஆறு ஆண்டுகள் தவமிருந்தார். தேடிவந்த மக்களை எல்லாச் சாதியாரும் ஒன்றாக முத்திரிக் கிணற்றில் நீராட வைத்தார். நெற்றியில் நாமம் இட்டார். தலைப்பாகை கட்டச் சொன்னார். ஒரு குழந்தையின் பெயரிலிருந்து பறிக்கப்பட்ட முடி, இப்போது ஆயிரமாயிரம் தலைகளில் ஏறியது.

அரசு இதைப் பொறுக்கவில்லை. அய்யாவைக் கட்டி இழுத்துச் சென்று, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறைவைத்தது. புலிக்கூண்டு முன் நிறுத்தியும் புலி பணிந்து கிடந்தது. தம் சாதியாரோடு மட்டும் இருப்பதாக ஒப்புக்கொண்டால் விடுதலை என்றார்கள். அய்யா மறுத்தார். தாம் குனிந்திருந்தால், நிமிர்ந்த மக்கள் மறுபடி குனிந்திருப்பார்கள்.

திரும்பி வந்தபின், 700 குடும்பங்களைத் துவையல் தவசுக்குக் கடற்கரைக்கு அனுப்பினார். நாளுக்கு ஒருவேளை உணவு, மூன்றுவேளை நீராடல், உடுத்த துணியைத் துவைத்தல். அழுக்கானவர்கள் என்று தள்ளப்பட்ட மக்கள் உடலும் உள்ளமும் துவைத்துப் புதிதாய் எழுந்தார்கள். கொல்லம் 1026 வைகாசி 21-இல் அய்யா வைகுண்டம் ஏகியபோது, அவர்கள் பழைய மக்களாக இல்லை.

அன்புக்கொடி மக்களே, இன்றும் குடியால் கெட்டவர், கடனில் மாட்டியவர், செய்த தவறை நினைத்துப் பதிப்பக்கம் வரவே கூசுபவர் நம் ஊரில் உண்டு. அவர்களிடம் சொல்லுங்கள். பதியில் நம் முன் இருப்பது கண்ணாடி. அதில் தெரியும் முகத்தினுள்ளேதான் அய்யா இருக்கிறார். குளித்து, நாமமிட்டு, தலைப்பாகை கட்டி வாருங்கள். பழையதைக் கேட்டு வாசலில் நிறுத்துகிறவர் அல்ல நம் அய்யா.

அய்யா உண்டு!