ஜிம் தோர்ப்: ராணுவக் கல்லூரியை வென்ற பூர்வகுடி மாணவர்

காற்பந்து என்றதும் தோட்டத்துத் திடலும் உருண்டைப் பந்தும்தான் நம் நினைவுக்கு வரும். இது அந்த ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, மறிப்பவர்களை முட்டித் தள்ளி ஓடும் அமெரிக்கக் காற்பந்து. அதில் 1912இல் கார்லைல் பள்ளிக் குழு ஆடிய ஆட்டங்களை இன்றும் அங்கே பேசுகிறார்கள். அக்குழுவின் நாயகன் ஜிம் தோர்ப்.

இன்றைய ஒக்லஹோமா மாநிலத்தில், சாக் அண்ட் ஃபாக்ஸ் என்னும் பூர்வகுடி இனத்தில் பிறந்தவர் அவர். கூடவே பிறந்த இரட்டைச் சகோதரர் சார்லி சிறுவயதிலேயே நோயில் இறந்துபோனார். இளம் வயதிலேயே பெற்றோரையும் இழந்தார். 1904இல் பென்சில்வேனியாவில் உள்ள கார்லைல் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்.

பூர்வகுடிப் பிள்ளைகளை வெள்ளையரைப் போல் மாற்றவேண்டும் என்பதற்காகவே 1879இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. வந்ததும் தலைமுடியை வெட்டிவிடுவார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. உண்மையில் அது ஒரு தொழிற்பள்ளிதான், கல்லூரியே அல்ல. ஆனாலும் அதன் காற்பந்துக் குழு பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதியது. 1907இல் உயரம் தாண்டும் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்த தோர்ப், போட்டிருந்த உடையோடு ஓடிவந்து, மற்றவர்களால் முடியாத உயரத்தைத் தாண்டிவிட்டார். பயிற்றுநர் பாப் வார்னரின் கண் அவர்மேல் விழுந்தது அப்போதுதான்.

1911 நவம்பரில் புகழ்பெற்ற ஹார்வர்டை கார்லைல் 18-15 என்று வீழ்த்தியது. அடிபட்ட காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடிய தோர்ப், கம்பங்களுக்கிடையே நான்கு முறை பந்தை உதைத்து 12 புள்ளிகள் சேர்த்தார்.

அடுத்த கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுப் போட்டியிலும் பத்து விளையாட்டுப் போட்டியிலும் தங்கம் வென்றார். திரும்பிவந்து மறுபடியும் பள்ளிச் சீருடை அணிந்தார். அந்தப் பருவத்தின் 14 ஆட்டங்களில் கார்லைல் 12இல் வென்றது. ஒன்று சமம், ஒன்று தோல்வி.

அவற்றுள் நவம்பர் 9ஆம் தேதி ஆட்டம் தனி. எதிரணி வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி. 1890இல் வூண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் அமெரிக்க ராணுவம் சுட்டுக் கொன்று 22 ஆண்டுகள்கூட நிறையவில்லை. அந்த ராணுவத்தின் வருங்கால அதிகாரிகளோடுதான் பூர்வகுடிப் பிள்ளைகள் திடலில் இறங்கினார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர் அன்று எதிரணியில் இருந்தார். தோர்ப்பைத் தடுத்து நிறுத்த அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முடிவு 27-6. வென்றது கார்லைல்.

இரண்டே மாதங்களில் இடி விழுந்தது. முன்பு விடுமுறைக் காலத்தில் வட கரோலினாவில் சிறு சம்பளத்துக்குத் தோர்ப் பேஸ்பால் ஆடியது நாளேடுகளில் வெளியானது. காசு வாங்கி ஆடியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது என்பது அன்றைய விதி. பல கல்லூரி மாணவர்கள் பொய்ப்பெயரில் ஆடித் தப்பித்தார்கள். இவர் சொந்தப் பெயரிலேயே ஆடியிருந்தார், அதுதான் வினையாயிற்று. வார்னருக்கு எதுவுமே தெரியாது என்று நம்புவது கடினம். ஆனாலும் பழி முழுவதும் மாணவர்மேல் விழுந்தது. இத்தனைக்கும் ஒலிம்பிக் முடிந்து 30 நாளுக்குள் எதிர்ப்புத் தெரிவிக்கவேண்டும் என்பதும் விதிதான். அதை யாரும் பார்க்கவில்லை. 1913இல் பதக்கங்கள் பறிபோயின.

கார்லைல் பள்ளி 1918இல் மூடப்பட்டது. தோர்ப் தொழில்முறைக் காற்பந்தும் பேஸ்பாலும் ஆடினார். வயது ஏறியபின் கிடைத்த வேலையைச் செய்து பிழைத்தார். 1953இல் வறுமையில் இறந்தார். அந்த 30 நாள் விதியைச் சுட்டிக்காட்டிப் போராடிய பிறகு, 1982இல்தான் ஒலிம்பிக் குழு இறங்கிவந்தது. மறு ஆண்டு அவருடைய பிள்ளைகளிடம் மாற்றுப் பதக்கங்கள் கொடுக்கப்பட்டன. அப்போதும் இணை வெற்றியாளர் என்றே எழுதிவைத்தார்கள். அந்த இரு போட்டிகளிலும் அவர் ஒருவரே முதலிடம் என்று ஏட்டில் ஏறியது 2022இல்.